இருபத்தொன்று

லுசாகா, சிலெஞ்சே, அக்டோபர் மாதம்.
மின்சாரம் வருவது மூன்று மணி நேரம்,
அதுவும் நள்ளிரவு தாண்டி,
கடன்காரன் கண்ணில் படாமல்
வீடு திரும்புகிறவனைப் போல.
மீதி இருபத்தொரு மணிக்கும்
என்னிடம் விலைப்பட்டியல் உண்டு.

நான் ஹமூங்கா, பேட்டரி விற்பவன்.
வீடு வீடாகப் போய்க் கேட்பேன்:
எது இல்லாமல் உங்களால் முடியாது?
சிலர் மனைவியைப் பார்ப்பார்கள்.
பிறகு தொலைக்காட்சியைப் பார்ப்பார்கள்.

நமகாவு எங்கும் பார்க்கவில்லை.
என் கையிலிருந்த காகிதத்தை வாங்கி
தானே எழுதினாள்.

முட்டை பொரிக்கும் பெட்டி, நூறு வாட்.
அளந்து பார்த்தேன்: பாதி நேரம் எரிகிறது,
இருபத்தொரு மணிக்கு ஆயிரத்து ஐம்பது.
மாமியாரின் இன்சுலின் இருக்கும் பிரிட்ஜ்,
எண்ணூற்று நாற்பது.
நான்கு பல்பு. இரண்டு போன்.
சித்தாலி பந்தாட்டம் பார்க்கும் டிவி, ஐந்து மணி நேரம்.
கெட்டில்?
"அதை எழுதாதே," என்றாள்,
"ஒரு கோப்பைத் தேநீருக்கு
ஒரு கூடை குஞ்சைக் கொடுக்க மாட்டேன்."

கூட்டினேன். இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்தேன்.
ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால்
சீக்கிரம் செத்துப்போகும், அதையும் சேர்த்தேன்.
மூன்று பேட்டரி என்றேன்.
மூன்றுக்கும் எனக்குக் கமிஷன் உண்டு, அதைச் சொல்லவில்லை.

அவள் தகர டப்பாவைத் திறந்து
குவாச்சா நோட்டுகளை இருமுறை எண்ணினாள்.
ஒன்றுக்குத்தான் இருந்தது. கூரையில் ஒரு தகட்டுக்கும்.
விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று நான்
கிளம்பப் பார்த்தேன்.

"உட்கார்," என்றாள்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொல்வார்கள்.
இங்கே கரீபா அணை வற்றி
ஆறே அளந்துதான் தருகிறது.
அவள் அந்தத் தாளைத் திருப்பி வைத்து
மறுபக்கத்தில் குறைக்கத் தொடங்கினாள்.

பெட்டியைப் படுக்கையறைக்குத் தள்ளினாள்.
இரண்டு கம்பளி, ஒரு பழைய மெத்தை,
காற்றுத் துளைகளை மட்டும் விட்டுச் சுற்றினாள்.
மறுநாள் மீட்டரோடு போனேன்:
பாதி நேரம் எரிந்தது கால் நேரமாகியிருந்தது.
ஐந்நூற்று இருபத்தைந்து.
என் வாழ்நாளில் நான் விற்ற எதுவும்
இவ்வளவு மலிவாக இவ்வளவு தந்ததில்லை.

பிரிட்ஜுக்கு, பத்து பாட்டில் தண்ணீர்.
மின்சாரம் வரும் மூன்று மணியில் உறைய வைத்து
மீதி நேரம் கதவைத் திறக்காமல் பூட்டினாள்.
உள்ளே ஒரு வெப்பமானி.
சாவி மாமியார் கழுத்தில்.
டிவிக்கு இரண்டு மணி நேரம், சனிக்கிழமை மட்டும்.
சித்தாலி ஒன்றும் பேசவில்லை.
வெளியே போய் வெகுநேரம்
வேலிக்கம்பியை இறுக்கிக்கொண்டிருந்தான்.

ஒரு பேட்டரி. போதும்.
மேகம் மூடும் ஒரு நாளுக்குக்கூட
கொஞ்சம் மிச்சம்.

கம்பெனியில் கேட்டார்கள்,
ஏன் ஒன்றுதான் விற்றாய்?
மதிப்பீடு தவறிவிட்டது என்றேன்.

முட்டைக்கு இருபத்தொரு நாள்.
தொண்ணூற்றாறில் எழுபத்தொன்று பொரித்ததாம்,
பத்தொன்பதாம் நாள் மழை வந்து
தகடு சும்மா கிடந்தும்.
போனில் சொன்னாள். பின்னால் கீச்சொலி.
சித்தாலியின் குரலும் கேட்டது,
குஞ்சுகளிடம் அவன் கோல் கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

இன்னும் ஏதோ சொல்ல வந்தாள்.
என் போன் அணைந்துவிட்டது.

என் வீட்டில் பேட்டரி இல்லை.
மூன்று வருடமாக மற்றவர் வீட்டுப் பசியைக் கூட்டியவன்
இருட்டில் ஒரு தாளைத் தடவி எடுத்தேன்.
முதல் வரியில் என்ன எழுதுவது என்று தெரியாமல்
கெட்டில் என்று எழுதி
அடித்தேன்.